சுண்டுவின் நகம்

குழந்தை பிறந்த மறுநாள் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து, துணிச் சுருளுக்குள்ளிருந்து அவள் கையை வெளியே எடுத்துப் பார்த்தார். விரல் நுனிகள் எல்லாம் கொஞ்சம் குட்டை. சுண்டுவிரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் அரிசிக் குருணை போல ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“நகம் வெட்டுற வேலை மிச்சம்டி உனக்கு” என்று தங்கையிடம் சொன்னார். அன்றைக்கே “சுண்டு” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மாமா பஸ் கண்டக்டர். அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும். நர்ஸ்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பெற்றோர் யோசித்து வைத்த பெயர், பள்ளிக்கூடம் போகிற காலம் வரட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது.

சுண்டுவின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, பிரேமின் அளவுக்குக் கண்ணாடியைத் தேய்த்துக் கொடுக்கிற வேலை. பிரசவ விடுப்பு முடிந்ததும் திரும்பிப் போய்விடுவதாக முதலாளியிடம் சொல்லியிருந்தாள். அதற்குள் இழுப்பு வந்துவிட்டது.

முதல் தடவை வந்தபோது சுண்டு தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. கழுத்தே சரியாக நிற்காத பிள்ளை. திடீரென்று கை இரண்டும் விறைத்து, கண் மேலே செருகி, உதடு நீலமானது. அம்மா அவளை வாரி எடுத்துக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் மாடிப்படி இறங்கி ஓடினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. அங்கே வலிப்பு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. இன்னொன்று சேர்த்தார்கள். அதற்கு மேல் இன்னொன்று. மருந்து சேரச் சேரத் தூக்கம்தான் கூடியது, இழுப்பு குறையவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதை அம்மா நிறுத்திவிட்டாள்.

ஒத்தாசைக்கு அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் அக்கா. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து, தனியாக, யாருக்கும் தலைவணங்காமல் இருந்த பெண். ஒரு பெட்டியும் தையல் மெஷினுமாக வந்து முன்னறையை ஆக்கிரமித்துக்கொண்டாள். கை வேலையில் எவ்வளவு சுத்தமோ, வாய் அவ்வளவு கூர்மை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா வருவார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

“எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இழுப்புன்னு ஒண்ணு வந்தது கிடையாது” என்பார் மாமா.

“அப்ப எங்க வம்சத்துல வந்துச்சுன்னு சொல்றீங்களா?” மெஷின் நின்றுவிடும்.

“நான் எங்க அப்படிச் சொன்னேன்? எங்களுக்குக் கிடையாதுன்னு சொன்னேன்.”

“உங்க சித்தப்பா தூக்கத்துல நடப்பாராமே?”

“தண்ணி குடிக்க நடந்தாருங்க! தாகம் எடுத்தா மனுஷன் நடக்க மாட்டானா?”

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். அம்மா குழந்தையோடு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு இந்தச் சண்டையின் தீர்ப்பே தேவைப்படவில்லை. காரணம் எது என்று அவள் தனக்குள் எப்போதோ முடிவு செய்திருந்தாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கடைசி மாதம்வரை சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து தேய்த்தாளே, அந்தக் கண்ணாடித் தூள்தான். யாரிடமும் சொல்லவில்லை.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் நீண்ட விடுப்பில் போனார். அவர் இடத்தில் ஒரு புது டாக்டர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். தலைமுடியைக் கட்டக்கூட நேரமில்லாமல் பேனாவைச் செருகி நிறுத்தியிருந்த பெண். அன்றைக்கு மாமாவும் கூட வந்திருந்தார், பை தூக்க. மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்ற அலுப்போடு அம்மா உட்கார்ந்தாள். மடியில் குழந்தையின் தலை சாய்ந்தது.

“சுண்டு, இங்க பாரு. டாக்டர் பாரு.”

“சுண்டுவா பேரு?” டாக்டர் நிமிர்ந்தார்.

மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நான் வச்ச பேரு டாக்டர். இவ சுண்டுவிரல் நகத்தப் பாருங்க, இருக்கா இல்லையான்னே தெரியாது. அதான்.”

எல்லாரும் இந்த இடத்தில் சிரிப்பார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குழந்தையின் கையைத் தன் உள்ளங்கையில் விரித்தார். ஒவ்வொரு விரலாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலுறையைக் கழற்றிக் கால் விரல்களையும் பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, பழைய ரத்தப் பரிசோதனைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

“ரத்தத்துல ஒரு நொதி ரொம்ப அதிகமா இருக்கு. எல்லாத் தடவையும்” என்றார். “எலும்பு வளர்ற குழந்தைங்களுக்கு இது கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதனால யாருக்கும் இது உறுத்தியிருக்காது. இந்த நகத்தப் பாக்காம இருந்திருந்தா நானும் தாண்டிப் போயிருப்பேன்.”

மாமாவும் குனிந்து அந்த விரலைப் பார்த்தார், சிரிக்காமல். அது அபூர்வம்.

மறுநாள் அப்பாவையும் வரச் சொன்னார் டாக்டர். அப்பா வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு வந்து கதவருகே நின்றார். டாக்டர் அவரை உட்கார வைத்துச் சொன்னார்.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் மேல ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. சில புரதங்க அந்தச் சவ்வுக்கு வெளிப்பக்கத்துல நின்னு வேலை செய்யணும். சும்மா நிக்க முடியாது, வழுக்கிட்டுப் போயிடும். அதுங்களப் பிடிச்சு நிறுத்த ஒரு நங்கூரம் இருக்கு. அந்த நங்கூரத்த ஒரு மரபணு மட்டும் செய்யறதில்ல. இருபதுக்கு மேல மரபணுக்கள் வரிசையா கை மாத்திக் கை மாத்தி செய்யுது. அதுல ஏதோ ஒண்ணு இவளுக்குச் சரியா வேலை செய்யலன்னு நினைக்கிறேன்.”

“அப்ப நிக்க வேண்டியது கழண்டு ரத்தத்துல மிதக்குதா?” என்று கேட்டார் அப்பா.

“ஆமா. நான் சொன்ன நொதியும் அப்படி ஒரு புரதம்தான். அதான் ரத்தத்துல அவ்வளவு அதிகமா தெரியுது. நிக்க வேண்டிய இடத்துல ஆள் இல்ல.”

“அதுக்கும் இழுப்புக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?” அம்மா கேட்டாள்.

“அந்த நொதிக்கு ஒரு வேலை இருக்கு. பி சிக்ஸ்னு ஒரு வைட்டமின். ரத்தத்துல வரும்போது அதுக்கு ஒரு வால் இருக்கும். வாலோட மூளை செல்லுக்குள்ள நுழைய முடியாது. இந்த நொதி வாசல்ல நின்னு வால வெட்டி உள்ள அனுப்பணும். இவளுக்கு வாசல்ல ஆள் இல்ல. வைட்டமின் வெளியிலயே நிக்குது, உள்ள மூளை தவிக்குது.”

டாக்டர் மருந்துச் சீட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“வால் இல்லாத வைட்டமினா மாத்திரையில கிடைக்கும். குடுத்துப் பாக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கோளாறு இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் இது கேக்கறதில்ல. சிலருக்குத்தான். மரபணுச் சோதனை முடிவு வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் சும்மா இருக்க எனக்கு மனசில்ல. நீங்க என்ன சொல்றீங்க?”

“நாங்க என்ன சொல்றது” என்றார் அப்பா. “இதுவரைக்கும் யாரும் எங்கள எதுவும் கேட்டதில்ல டாக்டர். குடுங்க.”

மூச்சு மந்தமாகிவிடக்கூடும் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்துத்தான் கொடுத்தார்கள். மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தாள் அம்மா. சுண்டு முதல் வாயை அப்படியே மாமாவின் காக்கிச் சட்டைமேல் துப்பினாள். “டிக்கெட் வாங்கிட்டா” என்று துடைத்துக்கொண்டார்.

முதல் நாள் எதுவும் மாறவில்லை. அப்பா வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். அத்தை வீட்டிலிருந்து துணி கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். அடுத்த நாளும் இழுப்பு வந்தது. ஆனால் சின்னது, வந்த வேகத்தில் போய்விட்டது. அதற்கப்புறம் நடந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையில் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்திருந்தது. அம்மா கஞ்சி ஊட்டுவதற்காக ஸ்பூனை எடுத்தாள். சுண்டுவின் கண் ஸ்பூனோடு வந்தது. கிண்ணத்துக்குப் போனால் கிண்ணத்துக்கு, வாய்க்கு வந்தால் வாய்க்கு. அம்மா வேண்டுமென்றே ஸ்பூனை இடப்பக்கம் கொண்டுபோனாள். கண்ணும் போனது. “ம்ம்!” என்று ஒரு அதட்டல் வேறு.

நர்ஸ் உள்ளே வந்து அட்டையைப் பார்த்தாள். “நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் ஒண்ணுமே வரலையா இவளுக்கு?”

“ஷ்ஷ்!” என்று அத்தையும் மாமாவும் ஒரே நேரத்தில் அவள்மேல் பாய்ந்தார்கள். இரண்டு பேரும் வாழ்க்கையில் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ஒரு வாரம் பொறுத்துத்தான் டாக்டரே அந்த வார்த்தையைச் சொன்னார். “நின்னுடுச்சு.” அம்மா தலையாட்டினாள். டாக்டருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவில், கேட்கவே கூடாது என்று வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

“வயித்துல இருக்கும்போது நான் லென்ஸ் தேய்ச்சேன் டாக்டர். கடைசிவரைக்கும். அந்தத் தூள் போயித்தான் இப்படியா?”

டாக்டர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “இல்லம்மா. தூளும் இல்ல, நீங்க சாப்பிட்டதும் இல்ல, தூக்கினதும் இல்ல. இது நீங்க செஞ்சு வந்தது இல்ல. இத்தனை நாள் இதத் தனியாவா சுமந்துட்டு இருந்தீங்க?”

பழைய மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தூக்கத்திலேயே கிடந்த பிள்ளைக்குள்ளிருந்து வேறு ஒரு ஆள் எழுந்து வந்தாள். அந்த ஆள் பெரிய கோபக்காரி. பால் ஆறிப்போனால் கோபம், குளிக்க வைத்தால் கோபம், குளிப்பதை நிறுத்தினால் அதைவிடக் கோபம். அத்தையின் நூல்கண்டை இழுத்துத் தரையெல்லாம் சிக்காக்கிவிட்டு, தட்டிக் கேட்டால் வீடு அதிரக் கத்தினாள்.

“யம்மா, என்னா வாய் இதுக்கு!” என்றாள் அத்தை. முகமெல்லாம் பூரிப்பு. “அப்படியே என்னை மாதிரி.”

மரபணுச் சோதனையின் முடிவு வந்த அன்று நான்கு பேருமே கிளம்பிப் போனார்கள். அத்தையையும் மாமாவையும் வெளியே உட்கார வைக்க யாராலும் முடியவில்லை. டாக்டர் சந்தேகப்பட்டதுதான். நங்கூரத்தைச் செய்கிற வரிசையில் ஒரு மரபணு.

“எந்தப் பக்கம் டாக்டர்?” மாமா முந்திக்கொண்டார்.

“எல்லாருக்கும் ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு இருக்கும். ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. இவளுக்கு ரெண்டுமே பழுது. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு.”

மாமாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆளுக்குப் பாதியா?” என்றாள் அத்தை.

“சரிபாதி.”

“மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லாம?” என்றார் மாமா.

டாக்டர் சிரித்துவிட்டார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று தெரியாமல் சுண்டுவும் சத்தம் போட்டாள். அடுத்த குழந்தை என்றால் நாலில் ஒரு பங்கு ஆபத்து இருக்கிறது, முன்கூட்டியே வந்து பேசுங்கள் என்பதையும், சுண்டு மற்ற பிள்ளைகள் மாதிரி வேகமாக வளரமாட்டாள், நடப்பதும் பேசுவதும் தாமதமாகும், சிலது வராமலே போகலாம் என்பதையும் டாக்டர் மறைக்காமல் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். இழுப்பு இல்லாத வீட்டில் எதையும் கேட்டுக்கொள்ள முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை மெஷினின் முன்னால் உட்கார்ந்தாள். “சட்டையக் கழட்டுங்க” என்றாள் மாமாவிடம். “பாக்கெட் கிழிஞ்சு தொங்குது. எத்தனை நாளா பாக்கிறேன்.” மாமா பனியனோடு உட்கார்ந்து டீ குடித்தார். தைத்த சட்டையைக் கொடுத்துவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய், தம்பி மனைவியின் பக்கத்தில் நின்றாள்.

“நான் பேசினது எல்லாம் உன் காதுல விழுந்திருக்கும்ல?”

“விழுந்துச்சு அண்ணி.”

“வலிச்சிருக்கும்.”

“அண்ணி, நீங்க வந்து இருந்ததாலதான் நான் பைத்தியம் பிடிக்காம இருக்கேன். அத மட்டும்தான் நான் நினைச்சு வச்சிருக்கேன்.”

அத்தை பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

அம்மா அரை நாள் வேலைக்குத் திரும்பினாள். கடையில் புதுக் கண்ணாடி மாட்டிக்கொள்கிறவர்கள் எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்தை முதல் தடவை தெளிவாகப் பார்க்கும்போது “ஆ” என்பார்கள். பின்னறையில் இருக்கும் அவளுக்கு அது கேட்கும். தேய்த்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரி போனபோது கேட்டாள்.

“இந்த மாத்திரை கேக்கும்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு டாக்டர்?”

“ஒருத்தர்னு சொல்ல முடியாதும்மா. எங்கெங்கேயோ இருந்த குழந்தைங்க. காரணம் தெரியாம இழுப்பு வந்த குழந்தைங்க. அவங்க அப்பா அம்மா, எங்க புள்ள ரத்தத்த எடுத்துப் பாருங்க, ஏதாவது தெரிஞ்சா சரின்னு விட்டாங்க. அதுல சில பேரோட குழந்தைங்களுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. சில குழந்தைங்க பொழைக்கவும் இல்ல.”

“அவங்களுக்கு எப்படி நன்றி சொல்றது?”

“பேர்கூட நமக்குத் தெரியாதே.”

அம்மா யோசித்தாள். “எங்க புள்ள ரத்தம் எப்ப வேணும்னாலும் எடுத்துக்குங்க. போட்டோ வேணுமா, எடுத்துக்குங்க. அவ விரலப் பத்தி எல்லா டாக்டருக்கும் சொல்லுங்க.”

அதன் பிறகு சுண்டு உட்காரக் கற்றுக்கொண்டாள். பிறகு மெஷினின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க. அவள் நின்ற அன்று அத்தை தைத்துக்கொண்டிருந்த சீருடைக்குக் கை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் போய்விட்டது.

டாக்டர் ஒருநாள் போன் செய்தார். அதே கோளாறோடு ஒரு ஆண் குழந்தை வந்திருக்கிறான், வரிசையில் வேறு ஒரு மரபணு, அவன் அம்மா யாரிடமாவது பேச விரும்புகிறாள், பேசுவீர்களா என்றார். அம்மா துள்ளி எழுந்தாள். இந்த ஒரு வாய்ப்புக்காகத்தானே காத்திருந்தாள். பையனுக்கு மாத்திரை தொடங்கிய அன்று அந்தப் பெண்ணோடு நெடுநேரம் போனில் பேசினாள். அவள் டாக்ஸி ஓட்டுகிறவள். கணவன் கப்பல் வேலையில் தூரத்தில் இருந்தான். “நின்னுடும், பாருங்களேன்” என்று அம்மா சொன்னாள்.

நிற்கவில்லை. அந்தப் பையனுக்கு மாத்திரை கேட்கவில்லை.

அம்மாவுக்கு முகத்தில் அறைந்தது போல் ஆனது. நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் நெருங்க நெருங்க அவளுக்கு உடம்பு கூசியது. நிற்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் எப்படி நிற்பது? சுண்டுவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள்.

“நமக்குக் கிடைச்சத மறைச்சு வச்சா அவளுக்குக் கிடைச்சிடுமா?” என்றாள் அத்தை. “கூட்டிட்டுப் போ. வேணாம்னா அவளே சொல்வா.”

டாக்ஸிக்காரி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியோடு காத்திருந்தாள். கட்டுமஸ்தான பெண். பின் சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா பேசத் தொடங்குமுன் அவள் கை நீட்டி சுண்டுவை வாங்கிக்கொண்டாள். விரலைப் பார்த்தாள். தன் மகனின் விரலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஒரே அச்சு” என்றாள்.

“நான் தப்பா சொல்லிட்டேன். நின்னுடும்னு…”

“நீங்க ஆசையா சொன்னீங்க. டாக்டர் சொல்லித்தான் இருந்தாங்க, கேக்காமலும் போகும்னு. வேற ஒண்ணு முயற்சி பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க.” அவள் கதவைத் திறந்துவிட்டாள். “ஏறுங்க, வீட்ல விடறேன். பேசிட்டே போலாம்.”

சுண்டுவை முன் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு அம்மா பின்னால் பையன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் பேசினார்கள். மலச்சிக்கலுக்கு என்ன கொடுப்பது, கழுத்து நிற்க என்ன பயிற்சி, சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள். மாமா, அத்தை பஞ்சாயத்தைக் கேட்டு டாக்ஸிக்காரி ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டாள். பையனுக்குக் கை விறைக்க ஆரம்பித்திருந்தது.

வண்டியை ஓரம்கட்டினாள். அதற்குள் அம்மா அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, தலைக்கடியில் தன் கையைக் கொடுத்திருந்தாள். வாயில் எதையும் வைக்கவில்லை, கையைக் காலைப் பிடித்து அழுத்தவில்லை. “சரியாப் போயிடும் ராஜா. நாங்க இருக்கோம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்ஸிக்காரி பின்கதவைத் திறந்து, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, மகனின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. உடல் மெல்லத் தளர்ந்தது. மூச்சு சீரானது. பையன் தூங்கினான்.

டாக்ஸிக்காரி முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வண்டியில வரும்போது எப்பவும் நான் மட்டும்தான். பின்னாடி பாக்கவா, ரோட்டப் பாக்கவான்னு தவிப்பேன்” என்றாள். “இன்னைக்குத்தான் வேற ஒரு கை இருந்துச்சு. ரொம்ப நன்றிங்க.”

“நான் ஒண்ணுமே செய்யலையே.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

அம்மா மறுக்கவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டாள். பையனின் தலை அவள் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அடுத்த வாரமும் வருகிறேன், எந்தக் கிழமை தோது என்று கேட்டாள். டாக்ஸிக்காரி செவ்வாய் என்றாள்.

முன் சீட்டில் கட்டிவைத்திருந்த சுண்டுவுக்குப் பொறுமை போய்விட்டது. வண்டி என்றால் ஓட வேண்டும் என்பது அவள் கட்சி. டாஷ்போர்டை ஓங்கித் தட்டினாள். அவளுக்கு அப்போது பேச வந்த வார்த்தைகள் மொத்தமே மூன்று. அதில் ஒன்றை எடுத்து இரண்டு பெண்களையும் பார்த்துக் கத்தினாள்.

“போ!”

“இதோ போறேன் முதலாளி” என்று டாக்ஸிக்காரி எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, ஸ்டியரிங்குக்கு வந்தாள்.